பழைய கேரவன் வாங்கியவருக்கு: முதல் மூன்று மாத வேலைகள்

கேரவன் என்றதும் நம்மூரில் சினிமா படப்பிடிப்புத்தான் நினைவுக்கு வரும். படப்பிடிப்புக்கு ஓடி முடித்த வண்டிகளும், பள்ளி வேனாகவோ சுற்றுலா வேனாகவோ ஓடிவிட்டுப் பிறகு கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டப்பட்ட டெம்போ டிராவலர்களும் பழைய வண்டியாக விலைக்கு வருகின்றன. முதல் கேரவனுக்கு டெம்போ டிராவலர் நல்ல தேர்வு. கோவில்பட்டியிலிருந்து வள்ளியூர் வரை எந்த ஊரில் நின்றாலும் அதைத் திறந்து பார்த்த மெக்கானிக் ஒருவர் இருப்பார், உதிரிபாகமும் கிடைக்கும்.

வாங்கிய கையோடு பலரும் திரைத்துணி எடுக்கவும் மெத்தை அளக்கவும் போகிறார்கள். கேரவன் என்பது ஓடுகிற வண்டி ஒன்றும் குடியிருக்கிற வீடு ஒன்றும் சேர்ந்தது. வீட்டில் குறை இருந்தால் ஒரு ராத்திரி தூக்கம் போகும். வண்டியில் குறை இருந்தால் உயிர் போகும். அதனால் முதல் ஒன்றரை மாதத்தை வண்டிக்கும், அடுத்ததை வீட்டுக்கும் ஒதுக்குங்கள். கீழே உள்ள வரிசையும் அதுதான்.

காகிதம்

ஆர்.சி.யில் மூன்று இடங்களைப் பாருங்கள். வாகன வகை, இருக்கை எண்ணிக்கை, எடை. வண்டிக்குள் கட்டில் இருக்க, ஆர்.சி.யில் இன்னும் 13 இருக்கை வேன் என்றே இருந்தால், அந்த மாற்றத்தை ஆர்.டி.ஓ. பதியவில்லை என்று பொருள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பது இதைத்தான். விற்பவரையே கேம்பர் வகைக்கு மாற்றிப் பதிந்து தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் விலையில் அதைக் கழித்து, அந்த வேலையை நீங்களே முதலில் முடியுங்கள்.

சேஸிஸ் எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஃபைனான்ஸ் இருந்திருந்தால் ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டி.என். 72 (திருநெல்வேலி), டி.என். 76 (தென்காசி) தவிர வேறு பதிவெண் என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வில் செலுத்த வேண்டிய வரியோ அபராதமோ நிற்கிறதா என்று கேளுங்கள். சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் மறுபதிவு, அதன்பின் 5 வருடத்துக்கு ஒரு முறை. வாடகை வண்டியாகவே பதிவில் இருந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) காலாவதி தேதி முக்கியம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமம் போதும்.

எடை மேடை

இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் பழைய கேரவனில் டயர் வெடிப்பது, பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உடைவது, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவது ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம் அதிக எடைதான். ஊருக்கு வெளியே லாரி எடை போடும் எடை மேடை ஒன்றுக்குப் போங்கள்.

தண்ணீர்த் தொட்டி, டீசல், சிலிண்டர் எல்லாவற்றையும் நிரப்பி, பயணம் போகிறவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து ஒரு எடை எடுங்கள். பிறகு முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஓர் எடை. பின்சக்கரம் மட்டும் நிற்க ஓர் எடை. மொத்தம் ஆர்.சி.யில் உள்ள லேடன் வெயிட்டை (சுமையோடு சேர்த்த எடை வரம்பை) தாண்டக்கூடாது. முன் அச்சின் எடை மிகக் குறைவாக இருந்தால் ஸ்டீயரிங் லேசாகிவிடும், மழையில் வளைவில் வண்டி நேரே போகப் பார்க்கும்.

எடை எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. 150 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர்) ட்யூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல். 18 மி.மீ. பிளைவுட் எட்டடிக்கு நாலடி ஒரு ஷீட் சுமார் 35 கிலோ. கட்டில், அலமாரி, சமையல் மேடை என்று ஆறு ஷீட் போட்டிருந்தால் 200 கிலோ மரத்திலேயே போய்விட்டது. ஆசாரிகள் வீட்டுப் பழக்கத்தில் 18 மி.மீ. போட்டுவிடுவார்கள். கட்டில் சட்டத்தை இரும்புச் சதுரக் குழாயில் வைத்துக்கொண்டு மற்ற இடங்களுக்கு 9, 12 மி.மீ. போட்டாலே போதும். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் இரண்டு அச்சுக்கும் நடுவில் இருப்பது நல்லது. பின் அச்சுக்குப் பின்னால் தொட்டி வைத்திருந்தால் அது முன்பக்கத்தைத் தூக்கும். தொட்டி இடது பக்கம் என்றால் பேட்டரியை வலது பக்கம் வையுங்கள்.

டயர்

பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கேரவன் அதிகம் ஓடாததால் பட்டன் தேயாமலே இருக்கும். அதை நம்பாதீர்கள். நம் வெயிலில் நின்றே ரப்பர் செத்துப்போகிறது. ஆறு வருடம் தாண்டியிருந்தாலோ பக்கவாட்டில் நகம் நுழைகிற வெடிப்பு இருந்தாலோ மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியின் வருடத்தையும் பாருங்கள், அது பெரும்பாலும் வண்டியோடு வந்த முதல் டயராகவே இருக்கும். காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். மத்தியானம் நாற்கரச் சாலையில் ஓடி வந்து நின்றதும் அழுத்தம் ஏறித்தான் இருக்கும், அப்போது இறக்கிவிடக்கூடாது.

இன்ஜின் சூடு

நெல்லைச் சீமையில் பழைய டீசல் வண்டியைக் கொல்வது சூடு. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் 40 டிகிரி என்பது புதிதல்ல. அதோடு இன்னொன்றும் சேர்கிறது, அது தண்ணீர். ராதாபுரம், திசையன்விளை பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு போல் படிந்துவிடும். குழாய்கள் அடைபட்டால் வெளியில் என்ன காற்று அடித்தாலும் சூடு இறங்காது.

வண்டி வாங்கிய முதல் வாரத்திலேயே இதைச் செய்யுங்கள்.

1. இன்ஜின் முழுக்க ஆறியபின் கீழ் ஹோஸைக் கழற்றி எல்லாத் தண்ணீரையும் ஒரு வாளியில் பிடியுங்கள். துருநிறம் என்றால் வெறும் தண்ணீரிலேயே ஓடியிருக்கிறது. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

2. ஹோஸை மாட்டி, நல்ல தண்ணீர் நிரப்பி, பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறவைத்து மறுபடி இறக்குங்கள். வெளியே வருவது தெளியும்வரை திரும்பச் செய்யுங்கள். தெளியவே இல்லை என்றால் ரேடியேட்டரைக் கழற்றி ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்துக் குத்தி எடுக்கச் சொல்லுங்கள்.

3. மேல், கீழ் ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பாருங்கள். கல்போல் இருந்தாலும், கொழகொழவென்று இருந்தாலும் புதிது போடுங்கள். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. இறங்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

4. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் கொதிநிலையை ஏற்றும், துருவையும் தடுக்கும். ஊற்றும்போது வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக நின்றால் காற்று தங்காது.

5. ரேடியேட்டர் மூடியைப் புதிதாகப் போடுங்கள். சின்னச் சாமான், ஆனால் அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, குறைந்த சூட்டிலேயே கொதித்து வெளியே தள்ளிவிடும்.

வண்டி சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவது இங்கே பட்டறைகளில் இருக்கும் பழக்கம். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் ஓடவேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். டீசல் முழுக்க எரியாமல் புகை வரும், லைனர் சீக்கிரம் தேயும். அடைப்பு ரேடியேட்டரில் இருக்கும்போது தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி. கழற்றிய வண்டி என்றால் புதிது போடச் சொல்லுங்கள்.

வழியில் டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்துங்கள், ஓரம் கட்டுங்கள், இன்ஜினை உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். ஆவி பீறிட்டால் மட்டும் உடனே அணையுங்கள். மூடியைத் தொடவே கூடாது. அரை மணி நேரம் கழித்து, தடித்த துணி போட்டு, முதல் தடை வரை மட்டும் திருப்பி, அழுத்தம் போனபின் திறக்கவேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். அந்தச் செலவு வண்டியின் மதிப்பில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

டீசலில் ஏர் எடுத்தல்

நெடுநாள் நின்ற வண்டியின் டேங்கில் தண்ணீரும் துருவும் சேர்ந்திருக்கும். டீசல் ஃபில்டரை வாங்கியதுமே மாற்றுங்கள், வண்டியில் இன்னொன்று எப்போதும் இருக்கட்டும். ஃபில்டருக்கு அடியில் வடிகால் திருகு இருந்தால் மாதம் ஒரு முறை ஒரு டம்ளர் அளவு இறக்கி, கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

ஃபில்டர் மாற்றினாலும் டீசல் தீர்ந்து நின்றாலும் லைனில் ஏர் பிடிக்கும். பழைய இன்லைன் பம்ப் வண்டியில் நீங்களே எடுக்கலாம். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் திருகை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஃபீட் பம்ப்பின் கைப்பிடியை மேலும் கீழும் அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழியில்லாத டீசல் வரும். அது வரும்போதே திருகை இறுக்குங்கள். அடுத்து பம்ப்பின் மேல் உள்ள திருகிலும் இதையே செய்யுங்கள். பிறகு பத்து விநாடி செல்ஃப் அடித்து ஒரு நிமிடம் விட்டு, மறுபடி அடியுங்கள். விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் கருகும். இவ்வளவுக்கும் ஒரு 10, 12, 17 ஸ்பேனரும் பழந்துணியும் போதும்.

பிற்காலத்துக் காமன் ரெயில் இன்ஜினில் நாசில் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது. அங்கே ஓடும் அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். கண்ணுக்குச் சின்னக் கீறலாகத் தெரியும், கையையே எடுக்கவேண்டி வரலாம்.

பிரேக்கும் மலை இறக்கமும்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்தில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். பழைய வண்டியில் ஆயில் எந்த வருடத்தது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே முழுவதும் மாற்றுங்கள். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கவேண்டும். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பின் டிரம்களைத் திறந்து வீல் சிலிண்டர் கசிவைப் பாருங்கள், ரப்பரை ஓரம் விலக்கினால் ஈரம் தெரியும்.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகும் வழியில் புளியரை எஸ் வளைவு, பாபநாசத்துக்கு மேல் காரையாறு போகும் பாதை, இரண்டும் நீளத்தில் பெரியவை அல்ல. ஆனால் நிறைசுமை கேரவனுக்கு அதுவே போதுமான பரீட்சை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். தொடர்ந்து காலை வைத்துத் தேய்க்காமல், வேகம் ஏறும்போது அழுத்தி, குறைந்ததும் முழுக்க விடுங்கள். கருகல் வாசம் வந்தால் ஓரம் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஹேண்ட் பிரேக்கும் போடவேண்டாம், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டீசல் மிச்சம் பண்ண நியூட்ரலில் இறங்குவதும், இன்ஜினை அணைத்து உருட்டுவதும் சாவுக்கு வழி. இன்ஜின் நின்றால் பூஸ்டருக்கு வேக்கம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

மின்சாரம்

வீட்டுப் பகுதியில் அதிகம் குழப்புவது இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி வேறு, வீட்டு பேட்டரி வேறு. ஒன்றையே இரண்டுக்கும் வைத்திருந்தால் ராத்திரி ஃபேன் ஓடி, காலையில் வண்டி கிளம்பாது. நடுவில் வோல்ட்டேஜைப் பார்த்துச் சேர்க்கும் ரிலே ஒன்று போடுங்கள். ஆல்டர்னேட்டர் ஓடி 13.3 வோல்ட் வந்தால் அது இரண்டு பேட்டரியையும் இணைக்கும், 12.8க்குக் கீழே வந்தால் பிரித்துவிடும்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். பேட்டரியை ஒரு மணி நேரமாவது சும்மா விட்டு அளந்தால் 12.7 வோல்ட் முழுசு, 12.2 பாதி, 11.9 ஏறக்குறையக் காலி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே 150 ஏ.ஹெச். என்றால் உங்கள் கையில் உள்ளது 75 ஏ.ஹெச்.தான், அதாவது சுமார் 900 வாட் ஹவர். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.2 முதல் 14.4 வரை காட்டவேண்டும். அது 13.5லேயே நின்றால் ஆல்டர்னேட்டரையோ எர்த் ஒயரையோ பார்க்கவேண்டும்.

இப்போது ஒரு நாள் செலவைக் கணக்குப் போடுங்கள். 5 வாட் எல்.இ.டி. மூன்று, நாலு மணி நேரம்: 60. 12 வோல்ட் பி.எல்.டி.சி. ஃபேன் 28 வாட், ஒன்பது மணி நேரம்: 252. கம்ப்ரஸர் வைத்த 12 வோல்ட் ஃபிரிட்ஜ் 45 வாட், நாளில் பாதி நேரம் ஓடினால்: 540. போன் சார்ஜ்: 40. மொத்தம் 900க்குப் பக்கம். ஃபிரிட்ஜ் ஒன்றே பாதிக்கு மேல் தின்கிறது என்பதைப் பாருங்கள். மண்பானையும், அன்றன்றைக்கு மீன் வாங்கும் பழக்கமும் இருந்தால் அந்தச் செலவே இல்லை.

கூரையில் 200 வாட் சோலார் பேனல் என்றால், நம் ஊர் வெயிலில் நாளுக்கு நாலரை மணி நேர முழு வெளிச்சம் என்று வைத்து, சூட்டிலும் தூசியிலும் கால்பங்கு கழித்தால் 675 வாட் ஹவர் வரும். ஃபிரிட்ஜ் வேண்டும் என்றால் 300 வாட் போடுங்கள். பேனலைக் கூரையோடு ஒட்டிப் படுக்க வைக்காமல், இரண்டு அங்குலம் தூக்கி வையுங்கள். கீழே காற்று ஓடாவிட்டால் பேனல் சூடாகி உற்பத்தி குறையும்.

ஒயர் தடிமனில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் அதிகம். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1 சதுர மி.மீ. ஒயரில், பேட்டரியிலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 5 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜை மாட்டினால், போக வர 8 மீட்டர் ஒயரில் 0.7 வோல்ட் போய்விடும். பேட்டரியில் 12.2 இருந்தும் ஃபிரிட்ஜ் 11.5 என்று பார்த்து நின்றுவிடும். பேட்டரி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கியவர்கள் உண்டு. அதே இடத்தில் 4 சதுர மி.மீ. போட்டால் நஷ்டம் 0.2க்குள். மிக்ஸிக்கு இன்வெர்ட்டர் என்றால், 750 வாட் மிக்ஸி 12 வோல்ட்டில் 70 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 25 சதுர மி.மீ. கேபிள், பேட்டரி முனையிலிருந்து ஓர் அடிக்குள் 100 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரியின் பக்கத்தில்தான் இருக்கவேண்டும். தள்ளி வைத்தால் நடுவிலுள்ள ஒயர் சேஸிஸில் உரசித் தீப்பிடிக்கும்போது அது எதையும் காக்காது. இண்டக்‌ஷன் அடுப்பை இந்த பேட்டரியில் நினைக்கவே வேண்டாம்.

ட்யூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். அதைப் படுக்கைக்கு அடியில் மூடி வைத்திருந்தால், வெளியே போகும் குழாயோடு தனிப் பெட்டி கட்டுங்கள். டிஸ்டில்டு வாட்டர் மாதம் ஒரு முறை பாருங்கள், கோடைக்கு இரண்டு முறை. தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் பேட்டரிக்கு ஆகாது.

கேஸ்

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர் மாதிரி தேங்கும். அதனால் சிலிண்டர் இருக்கும் அறைக்குக் கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், உட்பக்கம் காற்றுப் புகாமல் அடைத்திருக்கவேண்டும், அதன் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளியே திறக்கும் துளை இருக்கவேண்டும். அந்தத் துளைக்கு நேர் கீழே சைலன்சர் போகக்கூடாது. பழைய வண்டிகளில் இந்தத் துளையை எலி வராமலிருக்க அடைத்திருப்பார்கள். திறந்து, கம்பிவலை போடுங்கள்.

பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் அளவான தேர்வு. பட்டையால் இரண்டு இடத்தில் கட்டி, நிமிர்த்தியே வையுங்கள். ட்யூபின் மேல் அச்சிட்ட வருடத்தைப் பாருங்கள், ஐந்து வருடத்துக்கு மேல் ஆனால் மாற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டர் மாற்றத்துக்குப் பிறகும் சோப்பு நுரையை எல்லா இணைப்பிலும் தடவிப் பாருங்கள். நெருப்புக்குச்சி வைத்துப் பார்ப்பவர்களை வண்டிக்குள் விடாதீர்கள். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்கவேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வாசமே இல்லாத கார்பன் மோனாக்சைடு. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகைதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்குவதும், ஜெனரேட்டரை வண்டிக்கு அடியிலோ பக்கத்திலோ வைத்து ஜன்னலை மூடுவதும் ஒரு ராத்திரிகூட வேண்டாம். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கும் உயரத்தில் மாட்டுங்கள். கேஸ் கசிவு அலாரத்தைத் தரையோரம் மாட்டுங்கள். இது மட்டும் கீழே இருப்பது எல்.பி.ஜி. கனம் என்பதால்தான். மேல் ஜன்னலும் கீழே ஒரு துளையும் எந்நேரமும் திறந்திருக்கட்டும்.

தண்ணீர், கழிவு

தொட்டியை முதலில் கழுவுங்கள். 100 லிட்டருக்கு 20 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் குளோரின் வாசம் வரும்வரை திறந்து மூடுங்கள். நாலு மணி நேரம் ஊறியபின் முழுக்க வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பம்ப்பில் சின்ன வடிகட்டி இருக்கும், அதைக் கழற்றிக் கழுவுங்கள். யாரும் குழாயைத் திறக்காதபோது பம்ப் திடீரென்று அடித்து நின்றால் எங்கோ சொட்டுகிறது என்று அர்த்தம்.

கழிப்பறைக்கு எளிய வழி, வாளி இருக்கையோடு தென்னை நார்க்கழிவு. கடையம், ஆழ்வார்குறிச்சிப் பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை, நார்க்கழிவுக் கட்டியும் சுலபமாகக் கிடைக்கும். 5 கிலோக் கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும். கையில் பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத ஈரத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு கை அள்ளிப் போட்டால் நாற்றம் இருக்காது. சிறுநீரைத் தனிக் கேனில் பிரித்தால்தான் இது வேலை செய்யும். இரண்டும் கலந்தால் ஒரே நாளில் தாங்காது. நிரம்பியதைப் பாலிதீன் பையோடு ஊரோரத்தில் எறிவதும், கேனை வாய்க்காலில் கவிழ்ப்பதும் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, குழியில் மண் மூடுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஆற்றில் போகக்கூடாது. அந்த ஆற்றில்தான் கீழே ஒருவர் குளிக்கிறார், இன்னொருவர் குடிக்கிறார்.

ஒழுக்கு, கரையான், எலி

செங்கோட்டைப் பக்கம் பெருமழையைவிட சாரல்தான் கேரவனைக் கெடுக்கும். மூன்று மாதம் நனைந்தது காயவே விடாமல் பெய்துகொண்டிருக்கும், பிளைவுட் உள்ளுக்குள் உளுத்துவிடும். உள்மூலைகளையும் ஜன்னல் அடியையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அந்த இடம் போய்விட்டது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஒருவர் உள்ளே இருக்க, இன்னொருவர் கீழிருந்து தொடங்கி மேலாகப் பைப்பால் தண்ணீர் விடவேண்டும். மேலிருந்து விட்டால் எங்கே நுழைகிறது என்று தெரியாது. பழைய பூச்சைச் சுரண்டி, துடைத்து, காயவைத்து, பி.யு. (பாலியூரிதேன்) சீலன்ட் வையுங்கள். சிலிகான் வேண்டாம், வெயிலில் ஓரம் விட்டுப்போகும், அதன் மேல் பிறகு எதுவும் ஒட்டாது.

வெறும் மண்ணில் நிறுத்தினால் சக்கரம் வழியாகக் கரையான் ஏறும். சிமெண்ட் தரையிலோ, நாலு கருங்கல்லிலோ நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை ஒயரிங் கட்டுகளைத் திறந்து பாருங்கள், எலி கடித்த இடத்தில் செம்பு தெரியும். உவரிக் கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றே அடிச்சட்டத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள்.

எங்கே, எப்படித் தொடங்குவது

முதல் ராத்திரியை வீட்டு வாசலில், வண்டிக்குள் தூங்குங்கள். எது இல்லை, எது ஒழுகுகிறது, எந்தக் கதவு கிறீச்சிடுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். ஒரு முழு தண்ணீர் பாட்டிலை மேடையில் படுக்க வைத்தால் எந்தப் பக்கம் உருளுகிறதோ அந்தச் சக்கரத்தின் கீழ் பலகை வைக்கவேண்டும். அடுத்தது கூந்தன்குளம் மாதிரி, ஒன்றரை மணி நேரத்துக்குள் மெக்கானிக் வந்துசேரக்கூடிய தூரம். அங்கே பறவைகள் கூடு கட்டும் காலத்தில் ஹாரனும் ஜெனரேட்டரும் வேண்டாம். அதற்குப் பிறகு கன்னியாகுமரி, கடைசியாக மலை. மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், உயரமான கேரவன் போகும் பாதையும் அல்ல. அம்பாசமுத்திரத்திலோ மணிமுத்தாறு அடிவாரத்திலோ நிறுத்திவிட்டு வேறு வண்டியில் போங்கள்.

வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு வழியே போகையில் ஆனி முதல் ஆவணி வரை மலை இடைவெளியிலிருந்து காற்று பக்கவாட்டில் அறையும். காற்றாலைகள் அத்தனை இருப்பது அதனால்தான். உயரமான பெட்டிபோன்ற கேரவனை அது ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குத் தள்ளிவிடும். அங்கே 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம். லாரியைத் தாண்டும்போது ஒரு நொடி காற்று நின்று மறுபடி அறையும், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருங்கள்.

திசையன்விளைக்குக் கிழக்கே தேரி மண்ணில் (செம்மணல் மேடுகளில்) தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். இறங்கிச் சிக்கினால் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க ஆழமாகத்தான் போகும். உடனே நிறுத்தி, சக்கரத்தின் முன்னால் மண்ணைப் பறித்து, பின்சக்கரக் காற்றைப் பாதியாகக் குறைத்து, பனை ஓலையோ சாக்கோ விரித்து, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள். தார் ரோடு ஏறியதும் மறக்காமல் காற்றை நிரப்புங்கள், அதற்காகவே 12 வோல்ட் காற்று பம்ப் ஒன்று வண்டியில் இருக்கவேண்டும்.

ராத்திரி நிறுத்த இடம் பார்க்கும்போது தென்னை மரத்தடி வேண்டாம், தேங்காயும் மட்டையும் பேனலை உடைக்கும். ஆற்றுப் படுகை எந்த மாதத்திலும் வேண்டாம். மேலே அணை திறந்தால் வானம் தெளிந்திருக்கும்போதே தண்ணீர் ஏறும். ஐப்பசி முதல் மார்கழி வரை குளத்தங்கரை, வாய்க்கால் கரையும் சேர்த்து விலக்குங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தப் பக்கம் முழுவதும் வெள்ளக்காடானது, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. பெட்ரோல் பங்கில் மேனேஜரிடம் கேட்டு, லாரிகள் நிற்கும் வெளிச்சமான மேட்டில் நிறுத்துவது நல்லது. காலையில் டீசல் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வடித்து, எல்லாக் குழாயையும் திறந்தே விடுங்கள். சிலிண்டரைக் கழற்றி நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கட்டை வைத்துத் திறந்து விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இன்ஜின் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றுங்கள். பத்து நாளைக்கு ஒரு முறை மறுபடி மாட்டி, வண்டியைக் கிளப்பி, தெருமுனை வரையாவது ஓட்டி, பிரேக்கை இரண்டு தடவை அழுத்தி, நிறுத்திய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்துங்கள். டயரின் ஒரே பக்கம் எப்போதும் தரையில் அமுங்கி நிற்காமல் இருக்கும்.